பாடம் சொல்லப் போகிற மகளுக்கு

பினாங்கு
ஞாயிறு இரவு

அன்பு மகளுக்கு,

போனில் அரைகுறையாகப் பேசி வைத்துவிட்டோம். உனக்கு ஷிஃப்ட்டுக்கு நேரமாகிவிட்டது, எனக்கும் அவசரத்தில் சரியாகச் சொல்ல வரவில்லை. அதற்குள் அப்பா "மகளுக்குப் பிரமோஷன்" என்று பக்கத்து வீடு வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்துவிட்டார். அவள் இன்னும் சரி என்றே சொல்லவில்லை என்றால் கேட்கிற ஆளா அவர்? அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நிதானமாகப் படி.

மான்செஸ்டரில், குறைமாதப் பிள்ளைகளையும் நோயுற்ற பச்சைப் பிள்ளைகளையும் பார்க்கும் உங்கள் யூனிட்டில், நர்ஸ்களைப் பழக்கும் எஜுகேட்டராக உன்னைப் போடப் பார்க்கிறார்கள், உனக்கோ மனம் ஒப்பவில்லை. "பிள்ளைகளைப் பார்க்கத்தான் இந்த வேலைக்கு வந்தேன், இப்போது அவர்களை விட்டுவிட்டுப் பாடம் எடுக்கப் போகிற மாதிரி இருக்கிறதும்மா" என்றாய். நியாயமான கவலைதான். ஆனாலும் ஏற்றுக்கொள் என்றுதான் சொல்வேன். நீயே பார்த்தால் ஒரு ஷிஃப்ட்டில் இரண்டு பிள்ளைகள், மிஞ்சிப்போனால் மூன்று. நீ ஒழுங்காகப் பழக்கிவிட்ட ஒரு நர்ஸ், நீ வீட்டில் தூங்கும் நேரத்திலும் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்தப் பிள்ளைகளை நீ கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டாய், ஆனால் அவர்கள் பிழைத்து வீட்டுக்குப் போவதில் உன் பங்கும் இருக்கும். இத்தனை வருஷமும் அந்த நம்பிக்கையில்தான் நான் இந்த வேலையில் இருக்கிறேன். மேட்ரன் வேலைக்கு மனுப் போடச் சொன்னபோதும் போடாததற்குக் காரணம் அதுதான்.

ஆனால் எஜுகேட்டர் என்றதும் புரொஜெக்டர், ஸ்லைடு, அரை நாள் வகுப்பு, வருகைப் பதிவில் கையெழுத்து என்று போய்விடாதே. அதுவும் வேண்டும்தான். இங்கே தொடர் பயிற்சிக்குக் கிடைக்கும் சி.பி.டி. பாயின்ட் இல்லாமல் வருஷா வருஷம் லைசென்ஸ் புதுப்பிக்க முடியாது, அங்கேயும் அது மாதிரி ஏதாவது இருக்கும். ஆனால் குளிர் அறையில் உட்கார்ந்து ஸ்லைடு பார்த்து எந்த நர்ஸும் பிள்ளை பார்க்கக் கற்றதில்லை. மிஷினை எப்படி ஓட்டுவது என்று கம்பெனிக்காரர்களே வந்து சொல்லிக்கொடுப்பார்கள். மருந்து அளவு புத்தகத்தில் இருக்கிறது. நீ கற்றுக்கொடுக்க வேண்டியது கண்ணால் பார்ப்பதையும், பார்த்ததை வாய் திறந்து சொல்வதையும்தான். இவை இரண்டும் பிள்ளையின் பக்கத்தில் நின்றால்தான் வரும்.

புதிதாக வரும் நர்ஸை முதல் நாளே வேலையில் தள்ளிவிடுவது எங்கேயும் நடக்கிறது. ஆள் இல்லை, என்ன செய்வது என்பார்கள். நான் சண்டை போட்டு வாங்கி வைத்திருக்கும் ஒரே சலுகை, முதல் நாள் காலை அந்தப் பெண் எனக்கு வேண்டும் என்பது. ஒரு இன்குபேட்டர் பக்கத்தில், மானிட்டருக்கு முதுகைக் காட்டி அவளை நாற்காலியில் உட்கார வைப்பேன். அந்தப் பிள்ளைக்குப் பொறுப்பான நர்ஸ் மானிட்டரைப் பார்த்துக்கொள்வாள். வந்தவள் கையில் தாளும் பேனாவும் மட்டும். அரை மணி நேரம் பிள்ளையைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், பார்ப்பதை எழுத வேண்டும்.

எல்லோரும் முதலில் ஒரே மாதிரிதான் எழுதுகிறார்கள்: 29 வாரத்தில் பிறந்தது, சிபேப்பில் (மூக்கு வழியாகக் காற்றை அழுத்திக் கொடுக்கும் மிஷினில்) இருக்கிறது, நன்றாக இருக்கிறது. அது ஃபைலில் படித்தது. "இது எனக்கும் தெரியும், நீ பார்த்ததை எழுது" என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். அப்புறம்தான் கண் திறக்கும். சமீபத்தில் கெடாவிலிருந்து வந்த ஒரு மலாய்ப் பெண் எழுதியதை உனக்குச் சொல்ல வேண்டும். மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுகிறது என்று எழுதியிருந்தாள். நாலைந்து மூச்சு வேகமாக வருகிறது, கொஞ்சம் நிற்கிறது, மறுபடி வருகிறது. இடது கை மூடியிருக்கிறது, வலது கை விரல்கள் விரிந்தே இருக்கின்றன. கடைசி வரி: சிபேப் முனை மூக்கின் நடுச்சுவரில் அழுத்துகிறது, அந்த இடம் வெளுத்திருக்கிறது.

அதைப் படித்ததும் நான் எழுந்து போய்ப் பார்த்தேன். உண்மை. குழாயைப் பிடித்திருக்கும் தொப்பி கொஞ்சம் மேலே ஏறியிருந்ததால் குழாய் இழுத்துக்கொண்டிருந்தது. அப்படியே விட்டிருந்தால் புண்ணாகியிருக்கும், புண் ஆழமாகப் போனால் மூக்கின் வடிவமே கெட்டுவிடும். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் சாச்சுரேஷன் சரியாக இருந்தது, இதயத் துடிப்பு சரியாக இருந்தது. வெளுத்துப்போன மூக்குக்கு எந்த மானிட்டரிலும் அலாரம் கிடையாது. வேலைக்கு வந்து இரண்டு மணி நேரம்கூட ஆகாத பெண் அதைக் கண்டுபிடித்தாள் என்று அன்றைக்கே எல்லோர் முன்னாலும் சொன்னேன். அவளுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. இப்போது எங்கள் யூனிட்டில் அவள் கண் மாதிரி இன்னொரு கண் இல்லை.

கிருமித் தொற்றும் குடல் அழற்சியும் முதலில் இப்படித்தான் சின்னச் சின்னதாக எட்டிப் பார்க்கும், உனக்கே தெரியும். நேற்று வரை தொட்டால் முகம் சுளித்த பிள்ளை இன்று பேசாமல் கிடக்கும். வயிறு லேசாகப் பளபளக்கும். உடம்புச் சூடு 36.5க்குக் கீழே நழுவிக்கொண்டே இருக்கும், இன்குபேட்டரை ஏற்றிக்கொண்டே போவார்கள். மூச்சு நின்று நின்று வருவது கூடும். ரத்தப் பரிசோதனை முடிவு வருவதற்கு முன்னாலேயே பிள்ளை நமக்குச் சொல்லிவிடுகிறது. இதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தால் பார்த்ததில் என்ன பிரயோஜனம்?

அங்கேதான் நம் ஊர்ப் பெண்கள் சிக்கிக்கொள்கிறார்கள். உங்கள் ஊரில் எப்படியோ, இங்கே விடியற்காலை மூன்று மணிக்கு டாக்டரை எழுப்ப இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்குத் தைரியம் வராது. திட்டுவாரோ, இதற்குக்கூட எழுப்புவாயா என்று கேட்பாரோ என்ற பயம். அதனால் நான் அதைத் தனியாகப் பழக்குகிறேன். அவளை நர்ஸ் கவுன்டரில் உட்கார வைத்து, நான் பக்கத்து அறைக்குப் போய்விடுவேன். அவள் எனக்குப் போன் பண்ண வேண்டும். நான்தான் டாக்டர். வேண்டுமென்றே எரிந்து விழுவேன். "சாயங்காலம் எடுத்த எக்ஸ்ரே நல்லாத்தானே இருந்துச்சு, இப்ப என்ன?" என்பேன். முதல் தடவை பாதிப் பேர் "சாரி டாக்டர்" என்று வைத்துவிடுவார்கள். மறுபடி பண்ணச் சொல்வேன். அவள் சொல்ல வேண்டியது இது: நேற்று ராத்திரி முழுக்க இரண்டு தடவை மூச்சு நின்றது, இன்று இதுவரை ஆறு தடவை, வயிற்றுச் சுற்றளவு இரண்டு சென்டிமீட்டர் கூடியிருக்கிறது, பால் செரிக்கவில்லை, நீங்கள் வந்து பார்க்க வேண்டும். "தோலோங் டத்தாங் தெங்கோக், டாக்டர்" என்று மலாயில் அந்தக் கடைசி வாக்கியம் குரல் நடுங்காமல் வரும் வரைக்கும் விடமாட்டேன். எண் கையில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, "இந்தப் பிள்ளை இன்றைக்குச் சரியில்லை, ஏன் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை" என்பதும் ஒரு நர்ஸ் சொல்லக்கூடிய முழு வாக்கியம்தான். உங்கள் டாக்டர்களிடமும் இதைப் பேசி வை. கூப்பிட்டதற்காக ஒரு பெண் திட்டு வாங்கினால், அடுத்த ஆறு மாதத்துக்கு அந்த ஷிஃப்ட்டில் யாரும் கூப்பிட மாட்டார்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஓர் ஆஸ்பத்திரியில், ஒரு சிஸ்டர் இருந்தார். அவர் கை மாதிரி கையை நான் அப்புறம் பார்த்ததில்லை. எந்தப் பிள்ளைக்கும் ஒரே குத்தில் ஊசி ஏறிவிடும். ஆனால் யாராவது ஏதாவது கேட்டால், தாய்மார்கள் முன்னாலேயே "இது கூடத் தெரியாமலா இங்கே வந்தே?" என்று கத்துவார். கொஞ்ச நாளில் யாரும் அவரிடம் எதையும் கேட்பதில்லை, எதையும் சொல்வதும் இல்லை. அவருடைய ஷிஃப்ட்டில் சம்பவப் பதிவேடு சுத்தமாக இருக்கும். மேலிடத்தில் அதற்குப் பாராட்டு வேறு. தப்பு நடக்காமல் இல்லை, எல்லாம் மூடி மறைக்கப்பட்டன. கண்ணு, உன்னிடம் ஒருத்தி ஓடிவந்து "அக்கா, மருந்தைத் தப்பாக் கலந்துட்டேன்" என்று சொன்னால், முதலில் பிள்ளையைப் பார், அடுத்து அவள் வந்து சொன்னதற்கு நன்றி சொல். மற்றதைக் கதவைச் சாத்திக்கொண்டு பேசலாம்.

மருந்துக் கணக்கைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு புள்ளி இடம் மாறினால் பத்து மடங்கு. 0.5 என்று எழுது, வெறும் .5 வேண்டாம், 5 என்று எழுது, 5.0 வேண்டாம். இரண்டு பேர் சரிபார்ப்பது என்றால் ஒருத்தி போட்ட கணக்கை இன்னொருத்தி எட்டிப் பார்த்துத் தலையாட்டுவது கிடையாது. தனித்தனியாகப் போட்டு, அப்புறம் விடையை ஒப்பிட வேண்டும். இதில் மட்டும் நீ கறாராக இரு.

ஆக்சிஜன் விஷயத்தில் கொஞ்சம் பொறுமை வேண்டும், ஏனென்றால் அது மனசுக்கு எதிராகப் போகிற பாடம். நம் வீடுகளில் நூற்றுக்கு நூறு வாங்கினால்தான் சந்தோஷம், அதே மனசோடு யூனிட்டுக்கு வருகிறார்கள். ஆக்சிஜன் வாங்கும் குறைமாதப் பிள்ளையின் சாச்சுரேஷன் 100 என்று காட்டினால் முகம் மலர்கிறது. 90க்கும் 95க்கும் இடையில் நிற்க வேண்டிய பிள்ளை அது. வெறும் காற்றில் 100 காட்டினால் கவலை இல்லை, நாம் ஆக்சிஜன் கொடுத்து 100 காட்டினால் கண்ணுக்கு ஆபத்து. நான் அவர்களுக்கு அந்தப் பழைய கதையைச் சொல்வேன். 1940களிலும் 50களின் தொடக்கத்திலும் அமெரிக்கா போன்ற வசதியான நாடுகளில் நல்லது என்று நினைத்து ஆக்சிஜனை அள்ளிக் கொடுத்தார்கள், ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குப் பார்வை போனது. காரணம் தெரிந்ததும் பயந்துபோய் ஒரேயடியாகக் குறைத்தார்கள், மூச்சுக்குத் திணறிச் செத்த பிள்ளைகள் கூடிப்போனார்கள். அதற்குத்தான் மேலே ஓர் எல்லை, கீழே ஓர் எல்லை. டாக்டர் எழுதி வைத்துவிட்டுப் போய்விடுவார், எட்டு மணி நேரமும் அந்தத் திருகியில் இருப்பது நர்ஸின் கை. அலாரம் அடிக்கிறதே என்று மேல் எல்லையை 100க்கு ஏற்றி வைக்கிறவளைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வரும்.

ரத்தம் எடுப்பதற்கு ஒரு பாடம் வைத்திருக்கிறேன், வேண்டுமானால் நீயும் செய்து பார். பெரிய சிரிஞ்சில் ரோஸ் சிரப் கலந்த தண்ணீரை 60 மில்லி நிரப்பி மேசையில் வைப்பேன். "700 கிராம் பிள்ளையின் உடம்பில் இருக்கிற மொத்த ரத்தமும் கிட்டத்தட்ட இவ்வளவுதான்" என்பேன். அதிலிருந்து ஒரு மில்லியைக் கீழே விடச் சொல்வேன். பெரியவர்களுக்குக் கணக்குப் போட்டால் அது 80 மில்லிக்கு மேல். இதைப் பார்த்த பிறகு "இன்னும் கொஞ்சம் எடுத்துக்கலாம்" என்று யாரும் சொல்வதில்லை. என்னென்ன பரிசோதனை என்று முன்னாலேயே கேட்டு ஒரே தடவையில் எடுக்கிறார்கள், எடுத்த அளவை எழுதி வைக்கிறார்கள்.

சத்தத்துக்கும் இப்படி ஒன்று. காலியாக இருக்கும் இன்குபேட்டருக்குள் என் போனைப் பதிவில் போட்டு வைத்துவிட்டு, புதுப் பெண்ணை வழக்கம்போல வேலை செய்யச் சொல்வேன். மேலே பால் பாட்டிலை வைப்பாள், ஃபைலைப் போடுவாள், அதன் ஜன்னலை டப்பென்று சாத்துவாள். அப்புறம் போனை அவள் காதில் வைத்துக் கேட்கச் சொல்வேன். எல்லோரும் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொள்கிறார்கள், அவ்வளவு சத்தம். யூனிட்டில் 45 டெசிபலுக்கு மேல் போகக்கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சொல்லி வைத்ததை ஸ்லைடில் எத்தனை தடவை போட்டும் ஏறாதது இதில் ஏறிவிடுகிறது.

நீ அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும்போது உன் கையை என்ன செய்வாய் என்று யோசித்துப் பார்த்தாயா? எனக்குத் தெரிந்த நல்ல நர்ஸ்கள் பலர் எஜுகேட்டராகத் தோற்றுப்போனது அங்கேதான். புதுப் பெண் வயிற்றுக்குழாய் போடுகிறாள், கை நடுங்குகிறது, மூக்கிலிருந்து காது, காதிலிருந்து நெஞ்செலும்பு நுனிக்கும் தொப்புளுக்கும் நடுவில் என்று அளப்பதற்குள் தடுமாறுகிறாள். "கொடு, நான் போடறேன்" என்று வாங்கினால் பத்து நொடியில் முடிந்துவிடும். அந்தப் பத்து நொடியில் அவளுக்கு நீ சொல்லிவிடுவது, உன்னால் ஆகாது என்பதைத்தான். பிள்ளைக்கு ஆபத்து இல்லாத வரைக்கும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நில். பிள்ளையை அணைத்துப் பிடிக்கிற வேலையை மட்டும் நீ எடுத்துக்கொள். ஒரு கை தலையில், ஒரு கை மடக்கிய காலில், தடவாமல் அசையாமல் வைத்திருந்தாலே பிள்ளைக்கு வலி தாங்கும். பச்சைப் பிள்ளைக்கு வலி தெரியாது என்று டாக்டர்களே நம்பிக்கொண்டிருந்த காலம் ரொம்பத் தூரத்தில் இல்லை. ஆனந்த் என்ற இந்திய டாக்டர் ஆக்ஸ்ஃபோர்டில் ஆராய்ச்சி செய்து 1987இல் எழுதிய பிறகுதான், ஆபரேஷனில் அவர்களுக்கும் சரியான மயக்க மருந்து வேண்டும் என்று உலகம் ஒத்துக்கொண்டது. அதே வருஷம்தான் அமெரிக்காவில், பிறந்ததும் மூச்சு விடாத பிள்ளையைப் பிழைக்க வைக்கும் என்.ஆர்.பி. பயிற்சி தொடங்கியது. நம் மலேசியாவுக்கு 1996இல் வந்தது. அதற்கு முன்னால் பிறந்ததும் அழாத பிள்ளையை ஒவ்வொருவரும் தங்களுக்குச் சீனியர் காட்டிய மாதிரி தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இப்போது யாரைக் கேட்டாலும் ஒரே பாஷை பேசுகிறார்கள்: காற்று உள்ளே போகிறதா, மார்பு ஏறுகிறதா. ஆனால் பயிற்சி முடித்த கார்டு கைக்கு வந்த சில மாதத்தில் கை மறந்துவிடும். அதனால் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் பொம்மையைத் தூக்கிக்கொண்டு லேபர் ரூமுக்குப் போய் முன்னறிவிப்பு இல்லாமல் பத்து நிமிடம் செய்யச் சொல்வேன். அரை நாள் வகுப்பைவிட இது மேல்.

தாய்மார்களை மறந்துவிடாதே. எஜுகேட்டர் என்றால் நர்ஸுக்கு மட்டும் பாடம் என்று நினைக்கிறார்கள். தாயிடம் எப்படிப் பேசுவது என்று அந்த நர்ஸுக்கு யார் சொல்லிக்கொடுப்பது?

இங்கே எல்லா இனத்திலும் ஒரே பாடுதான். பிரசவத்துக்குப் பின் வீட்டோடு இருப்பது மலாய்க்காரர்களுக்கு 44 நாள், அதைப் பந்தாங் என்பார்கள், சீனர்களுக்கு ஒரு மாதம், நமக்கு முப்பதோ நாற்பதோ. பச்சை உடம்புக்காரியை வெளியே அனுப்பமாட்டார்கள். பிள்ளை இங்கே கிடக்கும், தாய் நிபோங் திபாலில் வீட்டுக்குள் கிடப்பாள், பால் மட்டும் ஐஸ் பெட்டியில் அப்பாவின் மோட்டாரில் பாலம் தாண்டி வரும். புது நர்ஸ்கள் அந்த அப்பாவைப் பிடித்துத் திட்டுவார்கள். அவரைத் திட்டி என்ன ஆகும்? முடிவு எடுக்கிறது வீட்டில் இருக்கிற பாட்டி. நான் பாட்டியை வரச் சொல்லுங்கள் என்பேன். வந்ததும் கை கழுவ வைத்து, பிள்ளையைக் காட்டி, "தாய் நெஞ்சில் வெச்சா பிள்ளைக்குச் சூடு நிக்கும், பாலும் நல்லா ஊறும், பாட்டி" என்று சொல்வேன். கொலம்பியாவில் பொகோட்டா நகரத்து ஆஸ்பத்திரியில் இன்குபேட்டர் போதாமல் 1978இல் தொடங்கியது இது, 2022இல் உலகச் சுகாதார நிறுவனம் பிறந்த உடனேயே தொடங்குங்கள் என்று சொல்லிவிட்டது. அதெல்லாம் பாட்டிக்கு வேண்டாம். "காதுல காத்து ஏறிடுமே மிஸ்ஸி" என்பதுதான் அவர் கவலை. தலையோடு காதை மூடி ஸ்கார்ஃப் கட்டிக்கொள்ளட்டும், சாக்ஸ் போட்டுக்கொள்ளட்டும், ஏர்கான் அடிக்காத மூலையில் நாற்காலி போட்டுத் தருகிறேன் என்றால் அரை மனசோடு தலையாட்டுவார். மறுநாள் மருமகளை அவரே கூட்டிக்கொண்டு வருவார்.

போன வருஷம் ஒரு பாட்டி பையிலிருந்து தேன் பாட்டிலை எடுத்தார். குலத்தில் பெரியவர் பிள்ளை நாக்கில் தேன் தொட்டுச் சேனை வைக்கவேண்டும், இத்தனை நாள் ஆகியும் வைக்கவில்லை என்று கண் கலங்குகிறார். எங்கள் ஸ்டாஃப் நர்ஸ் பதறிப்போய் "அதெல்லாம் இங்க கூடாது" என்று குரலை உயர்த்திவிட்டாள். தேன் கூடாதுதான், அதில் இருக்கக்கூடிய கிருமி கைக்குழந்தைக்கு ஆகாது. அதற்காக அந்த மனுஷி வெறுங்கையோடு போக வேண்டுமா? தாயின் சீம்பாலைப் பஞ்சுக் குச்சியில் நனைத்து கன்னத்தின் உள்பக்கம் தடவுவது நாம் எப்படியும் செய்கிற காரியம். அந்தக் குச்சியைப் பாட்டி கையில் கொடுத்து, நர்ஸைக் கூட நிற்க வைத்து, "நீங்க வைங்க பாட்டி" என்றேன். குலசாமி பெயரைச் சொல்லி வைத்தார். பிள்ளை நாக்கை நீட்டியது. அந்த நர்ஸ் அன்றைக்குக் கற்றதை எந்த வகுப்பிலும் நான் அவளுக்குக் கொடுத்திருக்க முடியாது. கறுப்புக் கயிறும் அப்படித்தான், பிளாஸ்டிக் உறையில் போட்டு இன்குபேட்டருக்கு வெளியே ஒட்டிக்கொள்ளட்டும். மான்செஸ்டரில் உனக்கு வேறு நாட்டுப் பாட்டிகள் வருவார்கள், அவர்கள் பையிலும் ஏதாவது இருக்கும்.

பால் பாட்டிலில் பெயர்ச்சீட்டை இரண்டு பேர் படித்துப் பார்க்க வேண்டும் என்று நான் உயிரை எடுப்பதற்குக் காரணம் கிருமி மட்டும் இல்லை. முஸ்லிம் குடும்பங்களில் ஒரு தாயிடம் பால் குடித்து வளர்ந்த பிள்ளைகள் உடன்பிறப்பு முறை, பிற்காலத்தில் கல்யாணம் பண்ணக்கூடாது. பாட்டில் மாறினால் அந்தக் குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய மனக்குழப்பம் என்று யோசி. அப்புறம், வீட்டுக்கு அனுப்பும்போது பாச்சை உருண்டை போட்டு வைத்த துணியைப் பிள்ளைக்குப் போடாதீர்கள் என்று சொல்ல மறந்துவிடக்கூடாது. இங்கே பிறக்கும் எல்லாப் பிள்ளைக்கும் ஜி6பிடி என்ற நொதி குறைவாக இருக்கிறதா என்று தொப்புள்கொடி ரத்தத்தில் பார்த்துவிடுகிறார்கள். அந்தக் குறை உள்ள பிள்ளைக்கு அந்த உருண்டையின் வாடை பட்டாலே ரத்த அணு உடைந்து மஞ்சள் காமாலை ஏறிவிடலாம், முற்றினால் மூளை வரைக்கும் பாதிக்கும். அங்கே இந்தக் குறை குறைவாக இருக்கலாம், ஆனால் உங்கள் ஊருக்கு வராத இனமா?

பிள்ளை தவறிவிடும் நாளைப் பற்றியும் எழுதாமல் விட முடியாது. அன்றைக்கு என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லிக்கொடுக்காததால்தான் புதுப் பெண்கள் துணி வைக்கிற அறையில் போய் நின்று அழுகிறார்கள். அழட்டும். ஆனால் கைக்கு ஒரு வேலை இருந்தால் அவர்களுக்கு நிற்கத் தெம்பு வரும். குழாய்களை எடுத்து, உடம்பைத் துடைத்து, கால் ரேகை எடுத்து வைத்து, தாய் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வைத்திருக்கலாம் என்று சொல்லி, குடும்பத்தின் முறை என்ன என்று கேட்க வேண்டும். முஸ்லிம்கள் சீக்கிரம் அடக்கம் செய்வார்கள், நம்மவர்கள் சிசுவை எரிக்க மாட்டார்கள், புதைப்பார்கள். கார்டு, கையெழுத்து எதற்கும் தாயை அலைக்கழிக்கக்கூடாது. அந்த ஷிஃப்ட் முடிந்ததும் அந்தப் பெண் தனியாகப் பஸ் ஏறக்கூடாது. நீ கூட இருந்து ஒரு தேநீராவது வாங்கிக் கொடுத்து அனுப்பு.

சரி, மேனேஜரிடம் சரி என்று சொல்வதற்கு முன்னால் சிலதைக் கேட்டு வாங்கிக்கொள், அப்புறம் கேட்டால் கிடைக்காது. மாதத்தில் சில நாள் நீயும் பிள்ளை எடுத்துப் பார்க்க வேண்டும். அது உன் மனசுக்காக மட்டும் இல்லை, கை மறந்தவள் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். புதிதாக வருகிறவர்களை முதல் சில வாரம் ஆள் கணக்கில் சேர்க்கக்கூடாது. ஆள் குறைந்தால் முதலில் ரத்தாவது பயிற்சிதான், அப்படி ரத்தாக்கக்கூடாது என்று எழுத்தில் வாங்கு. எழுதிக் கொடுத்தாலும் மீறுவார்கள், ஆனால் காட்டிக் கேட்க ஒரு தாள் இருக்கும். அதோடு ராத்திரி ஷிஃப்ட்டுக்கும் போ. எங்கும் எஜுகேட்டர் பகலில் வந்து ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போய்விடுகிறார். ராத்திரியில் டாக்டர் குறைவு, சீனியர் குறைவு, அதிகம் தடுமாறுவது அப்போதுதான், பாடம் கிடைக்காததும் ராத்திரி நர்ஸ்களுக்குத்தான். நான் மாதத்தில் ஒரு வாரம் ராத்திரி போகிறேன். இந்த வயதில் எதற்கு என்று அப்பா முணுமுணுக்கிறார். முணுமுணுத்துக்கொண்டே ஃபிளாஸ்க்கில் கோப்பி ஊற்றிக் கொடுத்துவிடுகிறார்.

பெரியம்மா மகன் நவம்பரில் அங்கே வருகிறான். என்னுடைய அட்டைகள் ஒரு கட்டு கொடுத்து அனுப்புகிறேன், டாக்டருக்குப் போன் பண்ணும் பயிற்சிக்கு நான் எழுதி வைத்திருக்கும் கதைகளும் அதில் இருக்கின்றன. மருந்து அளவு போட்ட அட்டைகளை அப்படியே பயன்படுத்தாதே. அவை இங்கே எங்கள் யூனிட்டுக்கு எழுதியவை, கலக்கும் முறையும் வேறாக இருக்கும். உங்கள் பார்மசிஸ்ட்டோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றிக்கொள். முறுக்கும் வரும், அது உன் யூனிட்டுக்கும் சேர்த்துத்தான்.

செவ்வாய்க்கிழமை எனக்கு மதிய ஷிஃப்ட். மேனேஜரிடம் என்ன பேசினாய் என்று அதற்கு முன்னால் சொல்.

அன்புடன்,
அம்மா